ஆங்கிலப் பள்ளியின் கிரேக்கமும் பக்தாதின் கிரேக்கமும்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் பொதுத் தேர்வை முடித்த மாணவர்கள், பல்கலைக்கழகம் புகுமுன் இரண்டு ஆண்டுகள் 'சிக்ஸ்த் ஃபார்ம்' எனப்படும் மேனிலை வகுப்பில் பயில்கின்றனர். அதன் முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்வுக்குப் பெரும்பாலோர் மூன்று பாடங்களையே தேர்ந்துகொள்வர். அவ்வாறு தேர்ந்துகொள்ளத்தக்க பாடங்களுள் ஒன்று 'கிளாசிக்கல் சிவிலிசேஷன்', அதாவது செவ்வியல் நாகரிகம். பண்டைய கிரேக்க, உரோமானிய உலகின் இலக்கியம், கலை, சமயம், அரசியல் ஆகியவற்றை முழுக்க முழுக்க ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகக் கற்பிக்கும் பாடம் இது. கிரேக்கத்தில் ஓர் எழுத்தும் இலத்தீனில் ஒரு சொல்லும் அறியாதவரும் இதில் உயர்ந்த தேர்ச்சி பெறலாம். இப்பாடத்தைக் குறித்து அந்நாட்டில் இரண்டு விதமான கருத்துகள் நிலவுகின்றன. பழம்பெரும் கல்வியைச் சாமானியர் வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவிட்ட வாயில் என்பர் ஒரு சாரார். மொழியைக் கைவிட்டு மொழியின் நிழலைக் கற்பிக்கும் இரண்டாந்தரக் கல்வி என்பர் மறு சாரார். குறை இருப்பது உண்மை. ஆயின் அது மறு சாரார் சுட்டும் இடத்தில் இல்லை என்பதே நம் கருத்து.

இப்போதைய பாடத்திட்டம் ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியத்தினுடையது. 2017இல் கற்பித்தல் தொடங்கி, 2019இல் முதல் தேர்வு நடந்தது. இதில் மூன்று தாள்கள் உள்ளன. 'வீரனின் உலகம்' என்னும் முதல் தாள் அனைவருக்கும் கட்டாயம். நூற்றுக்கு நாற்பது பங்கு மதிப்பு அதற்குண்டு. ஹோமரின் இலியட், ஒடிசி ஆகியவற்றுள் ஒன்றும், வர்ஜிலின் ஈனியடும் அதற்குரிய நூல்கள். இரண்டாம் தாளில் கிரேக்க நாடகம், கிரேக்கக் கலை, பேரரசர் அகஸ்டஸ் தம்மைக் குறித்து உருவாக்கிய பிம்பம், 'அந்நியன்' என்ற கருத்தின் தோற்றம் ஆகிய நான்கனுள் ஒன்று. மூன்றாம் தாளில் கிரேக்கச் சமயம், காதலும் உறவும், உரோமக் குடியரசின் இறுதிக்கால அரசியல், ஏதென்ஸின் மக்களாட்சி ஆகிய நான்கனுள் ஒன்று. இவ்விரு தாள்களுக்கும் தலைக்கு முப்பது பங்கு.

இத்தகைய பாடம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் கிரேக்கம் கட்டாயம் என்ற விதியைக் கைவிட்டன. இலத்தீன் கட்டாயம் 1960 வரை நீடித்தது. அதுவரை இவ்விரு மொழிகளும் கல்வி என்பதைக் காட்டிலும் கதவுக்குரிய சாவிகளாகவே பயன்பட்டன. அந்தச் சாவி நம் நாட்டுக் கதவுக்கும் செல்லுபடியாயிற்று. இந்திய ஆட்சிப் பணிக்கென இலண்டனில் 1855இல் முதன்முதலாக நடந்த போட்டித் தேர்வில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750. அரபிக்கு 375, சமஸ்கிருதத்துக்கும் 375. இந்தியாவை ஆளச் செல்பவனுக்கு அரபியின் மதிப்புக் கிரேக்கத்தின் மதிப்பில் சரிபாதி என்று கணக்குப் போட்டே முடிவு செய்திருந்தனர். தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

கட்டாயம் நீங்கியபின் மொழிகளைக் கற்பிக்கும் பள்ளிகள் விரைந்து குறைந்தன. 1946இல் ஈ. வி. ரியூ செய்த ஒடிசியின் உரைநடை மொழிபெயர்ப்போடு பெங்குவின் நிறுவனம் தன் செவ்வியல் வரிசையைத் தொடங்கியிருந்தது. மலிவுப் பதிப்பில் ஹோமர் கிடைக்கத் தொடங்கிய பின்னர், மொழி அறியாதவருக்கும் அவரைப் பாடமாக்கலாம் என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே வலுப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இலத்தீன் ஆசிரியரே இல்லாத நிலையில், வரலாறோ ஆங்கிலமோ படித்த ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வந்தால் நடத்தக்கூடிய செவ்வியல் பாடம் இது. மொழிப் பாடங்கள் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் சொத்தாகவே நீடிக்கின்றன. இலத்தீனை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல நாற்பது இலட்சம் பவுண்டு ஒதுக்கீட்டில் 2021இல் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு நாற்பது பள்ளிகளில் தொடங்கிய அரசுத் திட்டமும் 2025 பிப்ரவரியோடு நிதி நிறுத்தப்பட்டு முடிந்தது. வகுப்பின் நடுவாண்டில் நிதியை நிறுத்துவது எந்த ஊர் நிர்வாகமோ!

மொழிபெயர்ப்பில் படிப்பது தாழ்வானது என்ற வாதத்துக்கு மறுமொழியாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடலாம். 1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்ஹாமில் ஈனாக் பவல் ஆற்றிய உரை, குடியேறிகளுக்கெதிரான இங்கிலாந்து அரசியலில் ஒரு மைல்கல்லாகப் பேசப்படுவது. பவல் சாதாரண அரசியல்வாதி அல்லர். இருபத்தைந்து வயதில் சிட்னி பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியராக நியமனம் பெற்றவர். அந்த உரையின் முடிவில், வருங்காலத்தை எண்ணித் தாம் அஞ்சுவதாகக் கூறி, டைபர் ஆறு குருதி நுரைக்க ஓடக் கண்ட உரோமனுக்குத் தம்மை ஒப்பிட்டார். அது ஈனியடின் ஆறாம் காண்டத்துக் காட்சி. இலத்தீன் அறியாத கேட்போருக்கு, பூர்வகுடி உரோமன் ஒருவன் அந்நியர் வருகையால் விளையும் அழிவை முன்னுணர்ந்து நடுங்கியதாகவே அது பட்டிருக்கும்.

காப்பியத்தை எடுத்துப் படிப்போர்க்கு நிலைமை வேறாகத் தெரியும். அந்தக் காட்சியைக் காண்பவன் உரோமன் அல்லன். உரோம் அப்போது தோன்றவே இல்லை. காண்பவள் சிபில் என்னும் குறிசொல்லி. அவள் அதைச் சொல்வது ஈனியாஸிடம். அவனோ, எரிந்து வீழ்ந்த ட்ராய் நகரிலிருந்து முதிய தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கைப்பிடித்து, மனைவியை வழியில் இழந்து, கடல் கடந்து இத்தாலியக் கரையில் ஒதுங்கிய அகதி. அக்காப்பியத்தில் குடியேறி அவனே. அவனுக்கு அடைக்கலம் தந்த கார்த்தேஜின் அரசி டைடோவும் டயர் நகரிலிருந்து, அதாவது இன்றைய லெபனான் கரையிலிருந்து, தப்பி வந்தவள். கரையேறவிடாமல் தம்மைத் தடுத்ததாக ட்ராய் மக்கள் முதற் காண்டத்தில் முறையிடும்போது, புதிய நாட்டின் அச்சத்தால் காவல் கடுமையாயிற்று என்று வருந்தி, அவர்களைத் தன் குடிகளுக்கு நிகராகவே நடத்துவதாக அவள் வாக்களிக்கிறாள். பன்னிரண்டாம் காண்டத்தில் தேவர்களிடையே ஏற்படும் உடன்பாடோ இன்னும் நுட்பமானது: வந்தவர்கள் தம் பெயரையும் மொழியையும் விட்டு இருந்தவர்களோடு கலந்துபோவர், அக்கலப்பிலிருந்தே உரோமர் பிறப்பர். அதாவது, பவல் எந்த உரோமனுக்குத் தம்மை ஒப்பிட்டாரோ அந்த உரோமன் குடியேறியின் வழித்தோன்றல்.

பவலுக்கு இது தெரியாதிருக்க முடியாது. இலத்தீனில் அவருக்கிருந்த புலமையில் நூற்றில் ஒரு பங்கும் மேனிலை வகுப்பு மாணவருக்கு இராது. எனினும், ஆங்கில உரைநடையில் ஈனியடை முறையாகப் பயின்ற பதினேழு வயது மாணவி ஒருத்தி அந்த மேற்கோளைத் திருத்திவிட முடியும். ஒரு வரியை மூலத்தில் மனப்பாடம் செய்து மேடையில் எறிவதைவிட, முழு நூலை மொழிபெயர்ப்பில் ஆழ்ந்து கற்பது மேலான கல்வி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பாகிஸ்தானிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றோரின் பேரப்பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைகளில் கட்டாயப் பாடமாக இந்தக் காப்பியம் அமைந்தது, பாடத்திட்டத்தை வகுத்தோர் எண்ணியோ எண்ணாமலோ நிகழ்ந்த ஒரு நல்ல காரியம்.

மொழிபெயர்ப்பைக் குறித்து நாம் சொல்லக்கூடிய குறை வேறு. தேர்வில் இலியடுக்கு மார்ட்டின் ஹம்மண்டின் மொழிபெயர்ப்பும், ஒடிசிக்கு ரியூவின் மொழிபெயர்ப்பும், ஈனியடுக்கு டேவிட் வெஸ்டின் மொழிபெயர்ப்பும் கையாளப்படுகின்றன. மூன்றும் உரைநடை. செய்யுட் காப்பியங்களை உரைநடையில் படித்த மாணவரிடம் ஹோமரின் நடையழகையும் வர்ஜிலின் சொல்லாட்சியையும் பற்றி வினவுகின்றனர். கையில் இருப்பதோ ஹம்மண்டின் நடை, வெஸ்டின் சொல்லாட்சி. ஒரே பத்தியை இருவர் மொழிபெயர்ப்பில் அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று ஆராயும் பயிற்சி இத்தேர்வின் வினாக்களில் இல்லை. எமிலி வில்சன் 2017இல் ஒடிசியையும் 2023இல் இலியடையும் ஆங்கிலச் செய்யுளாகவே தந்திருக்கும் நிலையில் அத்தகைய ஒப்பீட்டுக்கு ஏடுகள் தட்டுப்பாடில்லை. மொழிபெயர்ப்பில் கற்பதில் இழுக்கில்லை. மொழிபெயர்ப்பில்தான் கற்கிறோம் என்பதை மறக்கச் செய்வதே இழுக்கு.

இதன் விளைவு எத்துணை விபரீதமாகக்கூடும் என்பதற்கு அரபு மரபிலேயே புகழ்பெற்ற உதாரணம் உண்டு. அரிஸ்டாட்டிலின் கவிதையியலைச் சிரியக் மொழியிலிருந்து அரபியாக்கிய அபூ பிஷ்ர் மத்தா (இறப்பு கி.பி. 940) 'டிராஜெடி' என்ற சொல்லுக்கு மதீஹ், அதாவது புகழ்ப்பா என்றும், 'காமெடி' என்ற சொல்லுக்கு ஹிஜா, அதாவது வசைப்பா என்றும் எழுதினார். நாடகம் என்ற கலையே அவர் கண்முன் இல்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்துக் கொர்தோபாவில் அந்நூலுக்கு உரை கண்ட இப்னு ருஷ்த் (1126–1198), கிரேக்கம் அறியாதவர். அவருக்கு இந்த அரபி வாசகமே மூலம். துன்பியல் நாடகத்தைப் பற்றிய இலக்கணத்தை அரபுக் கஸீதாவின் இலக்கணமாக அவர் விளக்கிச் செல்வதைப் படிக்கையில், ஒரு பேரறிஞன் இல்லாத பொருளைச் சுற்றி எத்துணை ஒழுங்கான கட்டடத்தை எழுப்பிவிட முடியும் என்ற வியப்பே மிஞ்சுகிறது. ஹெர்மானஸ் அலெமானஸ் என்பவர் 1256இல் தொலேதோவில் இவ்வுரையை இலத்தீனாக்கினார். மூலத்திலிருந்து நேராகச் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பு 1278இல் வந்தும் அதிகம் படிக்கப்படவில்லை. ஆகவே இடைக்கால ஐரோப்பாவும் கிரேக்க நாடகத்தைப் புகழ்ப்பாவாகவே அறிந்திருந்தது. அர்ஜென்டினாவின் போர்ஹெஸ், இப்னு ருஷ்தின் இந்த இடர்ப்பாட்டையே ஒரு சிறுகதையாக்கினார். அதில் பரிவு உண்டு. எனினும் இப்னு ருஷ்தை அறியாமையின் சின்னமாக மட்டும் ஐரோப்பிய வாசகர் நினைவில் நிறுத்திவிட்ட பழியும் அக்கதைக்கு உண்டு.

கிரேக்க நாடகத்தை விருப்பப் பாடமாகக் கொண்ட மாணவர் சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்', யூரிப்பிடிஸின் 'பாக்கே', அரிஸ்டோபனிஸின் 'தவளைகள்' ஆகிய மூன்றையும் பயில்கிறார். அரங்கின் அமைப்பு, முகமூடி, பாடற்குழு, டயனைசஸ் விழா ஆகிய அனைத்தும் அவருக்குத் தெரியும். இப்னு ருஷ்துக்கு எட்டாத ஒன்று இந்த இளைஞருக்கு ஓராண்டில் எட்டிவிடுகிறது. ஆனால் இப்னு ருஷ்த் அறிந்த கிரேக்கத்தில் இவருக்குத் தெரிந்தது எவ்வளவு?

இங்கேதான் பாடத்திட்டத்தின் மெய்யான குறை வெளிப்படுகிறது. மூன்று தாள்களையும் அவற்றின் எட்டு விருப்பப் பாடங்களையும் அலசினாலும் யூக்ளிடைக் காண முடியாது, ஆர்க்கிமிடிஸ் இல்லை, டாலமி இல்லை, ஹிப்பாக்ரடீஸும் கேலனும் இல்லை, அரிஸ்டாட்டிலின் தர்க்கமும் இயற்கை நூல்களும் இல்லை. பிளேட்டோ உண்டு. காதலைப் பற்றி அவர் கூறியதற்காகவும், மக்களாட்சியை அவர் குறைகூறியதற்காகவும் வருகிறார். வானத்தை அளந்த கிரேக்கம், உடலை அறுத்துப் பார்த்த கிரேக்கம், எண்ணையும் வடிவையும் நிறுவிக்காட்டிய கிரேக்கம் இந்த நாகரிகத்தில் சேர்த்தியில்லை. காலத்தை நோக்கினாலும் இதே கதைதான். கிரேக்கப் பகுதி பெரும்பாலும் கி.மு. நான்காம் நூற்றாண்டோடு நிற்கிறது. பிறகு உரோமக் குடியரசின் கடைசி நாள்களுக்கும் அகஸ்டஸின் அரண்மனைக்கும் தாவுகிறது. இடையிலிருந்த அலெக்ஸாண்டிரியா என்னும் மாநகரும், அதன் நூலகமும், அங்கு தழைத்த விஞ்ஞானமும் அந்தத் தாவலில் விழுந்துபோகின்றன. கேலன் (கி.பி. 129 – ஏறத்தாழ 216) உரோமப் பேரரசரின் மருத்துவர்; எழுதியது கிரேக்கத்தில். கிரேக்க உலகும் உரோம உலகும் ஒருவரிடத்தில் ஒன்றுகூடியதற்கு அவரினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இந்தத் தெரிவு தற்செயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பள்ளி, ஏதென்ஸின் பொற்கால நடையிலும் அகஸ்டஸ் கால நடையிலும் மாணவரைச் செய்யுள் இயற்றப் பழக்கியது. நடைக்கு முன்மாதிரியாக உதவாத ஆசிரியர்கள் 'செவ்வியல்' என்ற வட்டத்துக்கு வெளியே நின்றனர். இன்று மாணவர் செய்யுள் இயற்றுவதில்லை, மொழியே கற்பதில்லை. மொழிப் பயிற்சிக்காக வரைந்த எல்லைக்கோட்டை மட்டும் மொழி போனபின்னும் காத்துவருகின்றனர். மொழிபெயர்ப்பில் கற்பது என்று முடிவான அன்றே கேலனின் நடை சோஃபக்ளிஸின் நடைக்கு நிகரா என்ற கேள்வி பொருளற்றுப்போயிற்று. அந்தச் சுதந்திரத்தைப் பாடத்திட்டம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மருத்துவம் பயில விரும்பி உயிரியலையும் வேதியியலையும் தேர்ந்துகொள்ளும் தென்னாசியக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றாவது பாடமாக இதைக் கருதிப்பார்க்க, கேலன் ஒருவரே போதிய காரணமாகியிருப்பார்.

விடுபட்ட இந்தப் பாதியே பக்தாதுக்கு வந்த பாதி. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடந்த மொழிபெயர்ப்பு இயக்கம் தேடிக்கொண்டது மருத்துவம், கணிதம், வானியல், தத்துவம், தர்க்கம் ஆகியவற்றை. ஹோமர் இல்லை, துன்பியல் நாடகம் இல்லை, ஹெரோடோட்டஸும் இல்லை. கவிதையை மொழிபெயர்த்தால் அதன் யாப்பு குலைந்து வியப்பு அற்றுப்போகும் என்று ஜாஹிஸ் கருதியது இதற்கு ஒரு காரணம். தேவதைகளின் பூசலும் காமமும் நிறைந்த கதைகள் தவ்ஹீதில் ஊன்றிய சமூகத்துக்கு உவப்பாயிருக்க வழியில்லை என்பது மற்றொரு காரணமாகலாம். எக்காரணமாயினும், விளைவு இது: ஆங்கிலப் பாடத்திட்டத்தில் உள்ளவை பெரும்பாலும் பக்தாதில் இல்லை, பக்தாதில் இருந்தவை பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு காசைப் பிளந்து இருவர் வைத்திருப்பதுபோல்.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. தமிழகத்தின் மதரஸாக்களில் மன்திக் பயிலத் தொடங்கும் மாணவர் கையில் எடுக்கும் சிறு நூலின் பெயர் ஈஸாகோஜி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்அப்ஹரி இயற்றியது. பெயர் கிரேக்கம். டயர் நகரத்துப் போர்ஃபிரி மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தர்க்க முன்னுரையின் பெயர் அது. டைடோவின் டயர்தான். யூனானி மருத்துவர் நாடி பார்த்து நான்கு கலத்துகளைப் பற்றிப் பேசும்போது அவர் பேசுவது புக்ராத்தும் ஜாலினூஸும் வகுத்த மருத்துவத்தை. ஹிப்பாக்ரடீஸும் கேலனும் நம்மிடம் பெற்ற பெயர்கள் அவை. யூனானி என்ற சொல்லே அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. ஆக, பதினேழு வயதில் மதரஸாவில் மன்திக் பயிலும் ஒருவரும் அதே வயதில் இங்கிலாந்தில் இலியட் பயிலும் ஒருவரும், இருவருமே கிரேக்கம் பயில்கின்றனர். முன்னவர் அகிலீஸின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பின்னவருக்குப் போர்ஃபிரியைத் தெரியாது. இருவரும் சந்தித்தால் தத்தம் கிரேக்கத்தை மற்றவர் அடையாளங்காண்பதே அரிது.

இங்கு நம்மவரிடையே வழங்கும் ஒரு பெருமைப்பேச்சையும் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. கிரேக்கக் கல்வி முழுவதையும் முஸ்லிம்களே காத்து ஐரோப்பாவுக்கு அளித்தனர் என்று மேடைகளிலும் மலர்களிலும் சொல்லப்படுகிறது. ஹோமரைப் பொறுத்தமட்டில் இது உண்மையன்று. இலியடின் தலைசிறந்த ஏடு பத்தாம் நூற்றாண்டில் பைஸாந்தியத்தில் எழுதப்பட்டது. கர்தினால் பெஸ்ஸாரியோனின் தொகுப்போடு வெனிஸ் சென்று இன்றும் அங்கேயே இருக்கிறது. நாடகங்களும் பைஸாந்தியக் கிறிஸ்தவர் படியெடுத்துக் காத்தவையே. வர்ஜிலை மேற்கு ஐரோப்பா ஒருபோதும் இழக்கவில்லை. ஆகவே 'வீரனின் உலகம்' என்ற தாளில் பக்தாதைக் குறிப்பிடவில்லை என்று குறைகூறுவோர்க்கு ஆதாரம் இல்லை. மறுபுறம், மூலம் அழிந்து அரபியில் மட்டுமே எஞ்சிய கிரேக்க நூல்கள் உண்டு. கேலனின் உடற்கூற்றுச் செய்முறை நூலின் பிற்பகுதியும், அப்பல்லோனியஸின் கூம்பு வெட்டு நூலில் ஐந்து முதல் ஏழு வரையுள்ள பாகங்களும் அத்தகையன. வால்மீனுக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி, அப்பல்லோனியஸை 1710இல் ஆக்ஸ்ஃபோர்டில் பதிப்பிக்கும் பொருட்டு அரபி கற்றார். கிரேக்கக் கணிதத்தை முழுமையாக அடைய ஓர் ஆங்கிலேயருக்கு அரபி தேவைப்பட்டது. கோரிக்கை வைப்பதாயின் இந்த இடத்தில் வைக்கலாம். இங்கே ஆதாரம் நம்மிடம் இருக்கிறது.

இருப்பவற்றுள் நம் கவனத்துக்கு மிகவும் உரியது 'அந்நியன்' பற்றிய விருப்பப் பாடம். கிரேக்கர் தம்மைக் கிரேக்கர் என்று உணரும் பொருட்டுப் பாரசீகரை எவ்வாறு எதிர்நிலையில் வைத்துப் படைத்துக்கொண்டனர் என்பதை ஹெரோடோட்டஸ், ஈஸ்கிலஸின் 'பாரசீகர்', யூரிப்பிடிஸின் 'மீடியா' ஆகியவற்றின் வழியே ஆராய்வது. ஈடித் ஹால் 1989இல் இப்பொருளில் எழுதிய நூலின் சாயல் தலைப்பிலேயே தெரிகிறது. அதற்கு முன்பே எட்வர்ட் சயீத் தம் 'ஓரியண்டலிசம்' நூலில் (1978), ஐரோப்பா ஆசியாவின் வாயில் தன் சொற்களைத் திணித்த நீண்ட வரலாற்றின் தொடக்கத்தில் 'பாரசீகர்' நாடகத்தை வைத்தார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போர், கி.மு. 472இல் நாடகம். வென்றவர்கள் கூடியிருந்த அரங்கில், தோற்றவர் தலைநகரில் எழுந்த ஒப்பாரியை நடித்துக்காட்டினர். அதை எள்ளல் என்றும் படிக்கலாம். எதிரியின் துயரை மதித்த அரிய நாடகம் என்றும் படிக்கலாம். சயீதின் வாசிப்பு கூர்மையானது. எனினும் இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக உரைத்துச் செல்லும் அந்நாடகத்தின் கனத்தை அது முழுவதும் தாங்கவில்லை என்பது நம் எண்ணம். பதினேழு வயதினர் இவ்விரு வாசிப்புகளையும் எடைபோடப் பழகுவது மிக நல்ல கல்வி. ஆனால் இது எட்டில் ஒன்று. தெரிவு செய்வது பள்ளி. ஏடுகளும் ஆசிரியரும் எளிதிற் கிடைக்கும் நாடகம் போன்ற பாடங்களை நோக்கிப் பள்ளிகள் சாய்வது இயல்பு.

இப்பாடத்தின் கதை எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அந்நியன் எனப்பட்ட பாரசீகன் பின்னர் என்ன ஆனான்? திமித்ரி குதாஸ் 1998இல் வெளியிட்ட 'கிரேக்கச் சிந்தனையும் அரபுப் பண்பாடும்' என்னும் நூலில் ஒரு செய்தியை விரிவாக ஆராய்கிறார். அலெக்ஸாண்டர் பாரசீகத்தை வென்றபோது அந்நாட்டு ஏடுகளைக் கவர்ந்து கிரேக்கத்தில் பெயர்க்கச் செய்தான். ஆதலால் கிரேக்க அறிவு பாரசீகத்தின் அறிவே. அதனை மீட்டெடுப்பது கடமை என்று சாசானியப் பேரரசினர் நம்பினர். இந்நம்பிக்கையே அப்பாஸிய அரசவைக்கும் வந்து மொழிபெயர்ப்புப் பணிக்கு ஊக்கமாயிற்று என்பது அவர் துணிபு. ('பைத்துல் ஹிக்மா' ஒரு மொழிபெயர்ப்புக் கழகமாக இயங்கியதற்குச் சான்று இல்லை என்றும் அவரே கூறுகிறார், நம் மலர்க் கட்டுரைகள் இதனை இன்னும் செவிமடுக்கவில்லை.) அந்த நம்பிக்கை வரலாற்று உண்மையாகாது. எனினும், கிரேக்கன் தன் எதிர்நிலையாகப் படைத்தவனின் வழிவந்தோர் கிரேக்க அறிவைத் தம் பாட்டனார் சொத்தாகக் கருதி உரிமை கோரினர் என்பது அந்த விருப்பப் பாடத்துக்கு எத்துணைப் பொருத்தமான இறுதி அத்தியாயம்!

மொழிபெயர்ப்பைக் கல்வியாகவே எவ்வாறு கொள்வது என்பதற்கும் அங்கிருந்தே முன்மாதிரி கிடைக்கிறது. ஹீராவைச் சேர்ந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873), கேலனின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் யார், யாருக்காக, எந்த மொழியில் பெயர்த்தார், அம்மொழிபெயர்ப்பு எத்தரத்தது என்று குறித்த ஒரு நீண்ட மடல் நம் கைக்கு வந்துள்ளது. தம் இளமைக்கால மொழிபெயர்ப்புகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பல கிரேக்க ஏடுகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, பிழையற்ற ஒரு படியை அமைத்த பின்னரே பெயர்க்கத் தொடங்குவது அவர் முறை. கேலனின் 'நிரூபணம்' என்னும் நூலைத் தேடி மெசபொத்தேமியா, ஷாம், பலஸ்தீனம், எகிப்து என்று அலெக்ஸாண்டிரியா வரை அலைந்தவருக்கு, திமிஷ்கில் கிடைத்தது ஏறக்குறைய பாதி நூல். அதுவும் குலைந்த நிலையில். அந்த மடலின் சில பக்கங்களை ஆங்கிலத்தில் மேனிலை வகுப்பில் வைத்தால், தாம் கையில் ஏந்தியிருக்கும் பெங்குவின் பதிப்புக்குப் பின்னே எத்தனை ஏடுகளும் எத்தனை முடிவுகளும் இருக்கின்றன என்பதை மாணவர் ஒரு மணி நேரத்தில் உணர்வர்.

இந்த ஹுனைனைப் பற்றி இப்னு அபீ உஸைபிஆ தரும் ஒரு செய்தி சுவையானது. ஆசிரியரோடு பிணங்கி பக்தாதை விட்டு மறைந்திருந்த ஹுனைன், சில ஆண்டுகள் கழித்து நீண்ட தலைமயிரோடு ஒருவர் வீட்டில் நடைபோட்டவாறே ஹோமரைக் கிரேக்கத்தில் ஓதிக்கொண்டிருந்ததைப் பழைய நண்பர் ஒருவர் கண்டு, குரலைக்கொண்டே அடையாளங்கண்டாராம். காப்பியம் நெஞ்சில் இருந்தது; மொழிபெயர்த்ததோ மருத்துவம். யாரும் கேட்காததால் அவர் ஹோமரை அரபியாக்கவில்லை போலும்.

அரபியில் இலியட் முழுமையாக வருவதற்கு 1904 ஆயிற்று. லெபனானைச் சேர்ந்த சுலைமான் அல்புஸ்தானி அதற்கெனவே கிரேக்கம் பயின்று, அரபுச் செய்யுளில் யாத்து, கிரேக்கக் கவிதையையும் அரபுக் கவிதையையும் ஒப்பிட்டு ஏறத்தாழ இருநூறு பக்க முன்னுரையும் எழுதிக் கெய்ரோவில் வெளியிட்டார். ஓராயிரம் ஆண்டுக்கு மேல் அரபியில் இருந்த வெற்றிடம் அவ்வாறு நிரம்பிற்று. இங்கிலாந்தின் மேனிலை வகுப்புக்குரிய நூற்பட்டியலில் கேலனின் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அவருடைய நூல்கள் பல மலிவான ஆங்கிலப் பதிப்புகளில் விற்பனைக்குக் கிடைக்கின்றன.